பேசாத வாசகனுக்கு எழுதுவது

முதல் ஆயிரம் பகா எண்களை அச்சிட ஒரு நிரல். விஷயம் அவ்வளவுதான். 2, 3, 5, 7 என்று தொடங்கி 7919-ல் முடியும். கணினி அறிவியல் முதலாம் ஆண்டு மாணவர் ஒரு மதியத்தில் எழுதிவிடுவார். ஆனால் இந்தச் சின்ன நிரலை நடுவில் வைத்துக்கொண்டு நிரலுலகின் பெரிய ஆட்கள் ஐம்பது வருஷமாக வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

1972-ல் வந்த 'ஸ்ட்ரக்சர்ட் புரோகிராமிங்' நூலில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு, வெற்றுத்தாளிலிருந்து முழு நிரல் வரை தன் யோசனை போன வழியைப் படிப்படியாகக் காட்டினார். 1984-ல் டொனால்ட் கனூத் அதே கணக்கைத் தன் 'லிட்டரேட் புரோகிராமிங்' கட்டுரைக்கு உதாரணமாக்கினார். நிரலைக் கட்டுரை மாதிரி எழுதுவோம், மனிதருக்குப் புரியும் வரிசையில் சொல்லிக்கொண்டு போவோம், கணினி தனக்கு வேண்டியதை அதிலிருந்து உருவிக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. 2008-ல் ராபர்ட் மார்ட்டின் 'கிளீன் கோட்' நூலில் கனூத் கட்டுரையிலிருந்து வந்த அந்த நிரலை ஜாவாவில் ஒரே நீள ஃபங்ஷனாகக் கொடுத்து, அதை மூன்று கிளாஸாக உடைத்து, 'இப்போது பாருங்கள், எவ்வளவு தெளிவு' என்றார். 2018-ல் 'எ ஃபிலாசஃபி ஆஃப் சாஃப்ட்வேர் டிசைன்' எழுதிய ஜான் ஆஸ்டர்ஹௌட்டுக்கு இந்தத் தெளிவில் சம்மதமில்லை. இருவரும் 2024-லும் 2025-லுமாக எழுத்திலேயே ஒரு நீண்ட விவாதம் நடத்தினார்கள். அதிலும் இந்தப் பகா எண் நிரல்தான் நடுவில் கிடந்தது.

ஒரே கதையை நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றால் இலக்கிய வாசகருக்கு அது கொண்டாட்டம். ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிரல் எழுதுவது பற்றிய நூல்கள் பெரும்பாலும் விதிகளாகவே பேசும். ஃபங்ஷன் சின்னதாக இருக்கட்டும், பெயர் அர்த்தத்தோடு இருக்கட்டும், சொன்னதையே திருப்பிச் சொல்லாதே. விதியை மட்டும் படித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். 1974-ல் கெர்னிகனும் பிளாகரும் எழுதிய 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் புரோகிராமிங் ஸ்டைல்' ஏன் இன்றும் படிக்க நன்றாக இருக்கிறது என்றால், அவர்கள் அன்றைய பாடப்புத்தகங்களில் அச்சான நிரல்களையே எடுத்து வரிவரியாகப் பிரித்துப் போட்டார்கள். பிரதியைக் காட்டாமல் விமர்சனம் கிடையாது.

மார்ட்டினின் பிரதியைப் பார்ப்போம். பகா எண்ணைக் கண்டுபிடிக்கும் கிளாஸில் மட்டும் எட்டுச் சின்ன ஃபங்ஷன்கள். ஒன்றின் பெயரில் ஒன்பது ஆங்கிலச் சொற்கள் கோத்திருக்கின்றன. 'அடுத்த பெரிய பகாக் காரணியின் பொருத்தமான மிகச் சிறிய மடங்குதானா இது' என்று தமிழில் சொல்லலாம். படித்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். ஆனால் எதற்காக இந்தக் கேள்வி என்று புரிகிறதா?

காரணம் உண்மையில் ரொம்ப எளிது. ஐந்தின் மடங்குகளைக் கழிக்க வேண்டும் என்றால் 25-லிருந்து ஆரம்பித்தால் போதும். ஏன்னா 10-ஐயும் 20-ஐயும் ஏற்கெனவே 2 பிடித்துவிட்டது, 15-ஐ 3 பிடித்துவிட்டது. ஐந்துக்கென்று மிஞ்சும் முதல் எண் ஐந்தைந்து இருபத்தைந்துதான். ஏழுக்கு 49. இதைச் சொல்லிவிட்டால் அந்த ஒன்பது சொல் பெயர் தேவையே இல்லை. சொல்லாவிட்டால் தொண்ணூறு சொல் வைத்தாலும் போதாது. ஏனென்றால் பெயர் 'என்ன' என்பதைத்தான் சுமக்கும். 'ஏன்' என்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும். மார்ட்டின் அந்த வாக்கியத்தை எழுதவில்லை. கமெண்ட் எழுத வேண்டி வந்தாலே கோடில் நம்மால் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம், அது தோல்வி என்பது அவர் கொள்கை. கொள்கைக்காக வாசகர் பட்டினி கிடக்கிறார்.

இன்னொன்று. 'இது பகா எண்தானா?' என்று கேள்வி மாதிரி பெயர் வைத்த ஃபங்ஷன், பதில் சொல்வதோடு நிற்காமல் உள்ளே போய் மடங்குப் பட்டியலையும் மாற்றிவைக்கிறது. வாசலில் மணி கேட்டவர் வீட்டுக்குள் போய்க் கடிகார முள்ளைத் திருப்பிவிட்டு வந்த மாதிரி. எட்டு ஃபங்ஷனில் பலவும் ஒரே பட்டியலை மாறி மாறித் தொடுவதால் ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றதைப் படிக்க வேண்டும், அதற்கு இன்னொன்றை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஏ.வி. பாலம் தாண்டி கோரிப்பாளையத்தில் இறங்க வேண்டிய ஆளை எட்டு பஸ் மாறச் சொல்லிவிட்டு, 'ஒவ்வொரு பயணமும் எவ்வளவு சின்னது பாருங்க' என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது? ஆஸ்டர்ஹௌட்டின் புகாரும் சுருக்கமாக இதுதான். சின்னதாக வெட்டுவது வேறு, தனியே நிற்கும்படி வெட்டுவது வேறு.

இந்த இடத்தில்தான் எனக்குப் பவணந்தி முனிவர் நினைவுக்கு வருகிறார். பொறுங்கள், 'அப்பவே நம்மாளு சொல்லிட்டாரு' என்று மீசை முறுக்கும் கட்டுரை இல்லை இது. பதிமூன்றாம் நூற்றாண்டு இலக்கணக்காரருக்கு ஜாவா தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நான் பார்ப்பது அவருடைய பட்டியல் கட்டப்பட்ட விதத்தை. நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு நூலுக்குப் பத்து அழகும் பத்துக் குற்றமும் சொல்கிறது. அழகுகளில் சுருங்கச் சொல்லல் இருக்கிறது, கூடவே விளங்க வைத்தலும் இருக்கிறது. குற்றங்களில் குன்றக் கூறல் இருக்கிறது, அதற்கு நேர் எதிரான மிகைபடக் கூறலும் இருக்கிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றது அறுகிற மாதிரி இரட்டைக் கயிறாகக் கட்டியிருக்கிறார். சுருக்கினால் விளங்காமல் போகலாம், விளக்கினால் மிகையாகிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று பட்டியல் சொல்லாது. எழுதுபவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'கிளீன் கோட்' ஒரே கயிற்றை இழுக்கிறது. ஃபங்ஷன் சின்னதாக இருக்க வேண்டும், அதைவிடவும் சின்னதாக இருக்க வேண்டும். எதுவரைக்கும் என்பதற்குப் பதில் இல்லை. பைத்தான் மொழிக்காரர்கள் 2001-ல் எழுதிய 'பெப் 8' இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. நான்கு இடைவெளி விடு, வரிக்கு 79 எழுத்துக்கு மேல் போகாதே என்று கறாராகப் பேசிவிட்டு, ஆரம்பத்திலேயே ஒரு பகுதி ஒதுக்கி, விதியைக் கடைப்பிடித்தால் கோட் படிக்க மோசமாகும் என்றால் விதியை விட்டுவிடு என்றும் சொல்லிவிடுகிறது. தன் விதிவிலக்கைத் தானே சொல்லும் விதிநூலைத்தான் நம்பலாம்.

சரி, நடுவில் எங்கே நிற்பது? அதை முடிவு செய்வது யார்?

எங்கள் ஊர்க் கதை ஒன்று இதற்குப் பதில் வைத்திருக்கிறது. இறையனார் களவியல் உரையில் வரும் கதை. பன்னிரண்டு வருஷப் பஞ்சம் முடிந்து பாண்டியன் புலவர்களைத் திரும்ப அழைக்கிறான். எழுத்துக்கும் சொல்லுக்கும் யாப்புக்கும் ஆள் கிடைக்கிறது, பொருளிலக்கணத்துக்கு மட்டும் இல்லை. மதுரை ஆலவாய்க் கடவுளே அறுபது சூத்திரம் எழுதிப் பீடத்தின் கீழ் வைக்கிறார். சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை எழுதுகிறார்கள். எது மெய்யுரை என்று சண்டை. தீர்ப்புச் சொல்ல வந்தவன் பெரிய பண்டிதன் இல்லை. உருத்திரசன்மன் என்ற ஐந்து வயசுப் பிள்ளை, வாய் பேசாதவன். அவனை உட்கார வைத்து ஒவ்வொருவராக உரை வாசிக்கிறார்கள். மருதனிளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் கண்ணீர் விட்டான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்தான். தீர்ப்பு முடிந்தது.

தொன்மத்தைத் தொன்மமாகவே வைத்துக்கொள்வோம். அதற்குள் இருக்கும் யோசனை எனக்கு முக்கியம். கடவுள் எழுதிய பிரதியே ஆனாலும் தனியாகப் போதாது, உரை வேண்டும். அந்த உரை நல்லதா என்று எழுதியவன் சொல்ல முடியாது, சக புலவனும் சொல்ல முடியாது. குறுக்குக் கேள்வி கேட்க வாயில்லாத ஒரு வாசகனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த உரை இன்னொன்றும் செய்கிறது. நக்கீரரிலிருந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை தான் யார் யார் வழியாகக் கைமாறி வந்தது என்று பெயர்ப் பட்டியல் தருகிறது. 'கிட்' வரலாற்றைத் திறந்து இந்த வரி யார் கை பட்டது என்று தேடும் நமக்கு இது அந்நியமான பழக்கம் இல்லை.

தமிழ் மரபில் சூத்திரமும் உரையும் இரண்டு தனித்தனி வேலை. சூத்திரம் இறுகியிருக்கலாம், உரை அவிழ்க்கும். உரையிலும் காண்டிகை, விருத்தி என்று சின்னதும் பெரியதுமாக இரண்டு அளவு வைத்திருந்தார்கள். மார்ட்டின் சூத்திரமே உரையாகவும் இருக்க வேண்டும் என்கிறார். கனூத் உரைக்குள் சூத்திரத்தைப் பதிக்கிறார். கனூத்தின் வழி அழகானது, ஆனால் கனூத் மாதிரி எழுத வருபவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். தினசரி வேலைக்கு நடுவழி போதும். இறுக்கமான கோட், அதன் பக்கத்தில் காரணம் சொல்லும் ஒரு காண்டிகை.

இதெல்லாம் ரசனைப் பிரச்சினைதானே, பகா எண் எப்படி அச்சானால் என்ன என்று கேட்கலாம். ரசனை மட்டும் இல்லை. நான் கொஞ்ச காலம் கோரிப்பாளையத்தில் ஒரு மாடியில் இயங்கிய சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தெற்காவணி மூல வீதிப் பக்கம் உள்ள நகைக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதும் இடம். நகை பில்லில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். நகை செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கென்று எடையில் இத்தனை சதவீதம் என்று வாங்குபவர் தலையில் சேர்ப்பது சேதாரம். எங்களுக்கெல்லாம் முன்னால் இருந்த யாரோ அகராதியைப் பார்த்து அதற்கு 'டேமேஜ்' என்று வேரியபிள் பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பழைய நகை மாற்றும் சலுகைக்காகப் புதிதாக ஒரு பகுதி எழுத வந்த தம்பி நல்ல கெட்டிக்காரன். அவன் கோடில் ஒவ்வொரு ஃபங்ஷனும் பத்து வரிக்குள் இருந்தது. பெயர்கள் தெளிவு. ரிவ்யூவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'டேமேஜ்' தொகையைக் கூட்டாமல் கழித்திருந்தான். பிரச்சினை வந்து தேடியபோது அவன் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "டேமேஜ்னா கழிக்கத்தானண்ணே செய்வாங்க?" அவன் கேட்டதில் என்ன தப்பு? அந்தச் சொல்லைப் படிக்கிற எந்த மனிதருக்கும் அப்படித்தான் தோன்றும். பெயர் அர்த்தத்தோடுதான் இருந்தது. அர்த்தம்தான் வேறு.

அந்தக் கடையில் பில் போட்ட அக்காவின் பெயரில் குறைவுத் தொகை நின்றது. முதல் மாசம் அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அவர் தட்டியது சரியான எண், திரையில் வந்தது தப்பான விலை. காரணம் இருந்த இடம் அவர் போய்ப் பார்க்கவே முடியாத ஒரு கோப்பில், அவர் தொழிலின் சொல்லையே பிடுங்கிவிட்ட ஒரு மொழியில். கோடின் தெளிவு என்பது எழுதுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நாகரிகம் மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது அங்கேதான்.

விதிநூல்கள் 'நல்ல பெயர் வை' என்னும்போது சொல்லாமல் விடும் வார்த்தை 'ஆங்கிலத்தில்' என்பது. கோட் நல்ல உரைநடை மாதிரி வாசிக்க வேண்டும் என்கிறார்கள். யாருடைய உரைநடை? எரிக் எவன்ஸ் 2003-ல் 'டொமைன் டிரிவன் டிசைன்' நூலில் சொன்னது இதைவிட உதவும். தொழில் தெரிந்தவரும் நிரல் எழுதுபவரும் ஒரே சொல்லைப் புழங்க வேண்டும், அதே சொல் கோடிலும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சேதாரத்தின் பெயர் சேதாரம்தான். பட்டாவுக்குப் பட்டா, அடங்கலுக்கு அடங்கல், புறம்போக்குக்குப் புறம்போக்கு. ரோமன் எழுத்தில் எழுதினாலும் சொல் அதுவாக இருக்கட்டும். 'தமிழ்ச் சொல்லைக் கோடில் எழுதினா அசிங்கமா இருக்கு' என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காப்பாற்ற நினைப்பது வாசகரை இல்லை, கௌரவத்தை.

அதற்காக நிரல்மொழியையே தமிழாக்கிவிட்டால் தீர்ந்ததா? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழி அந்த வழியில் போனது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் சொற்கள் தமிழில் இருப்பது இல்லை, அவை நிற்கும் இடம். ஆங்கில மொழிகளில் 'இஃப்' முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால். 'மழை பெய்தால்' என்று தமிழர் யோசிக்கும் வரிசை. பள்ளிப் பிள்ளைக்கு முதல் நிரல் கற்றுக்கொடுக்க இது பெரிய உதவி. ஆனால் அலுவலகக் கோடில் ஆள் தடுக்கி விழுவது 'இஃப்' என்ற சொல்லில் இல்லை. அதை இரண்டே நாளில் யாரும் பழகிவிடலாம். விழுவது 'டேமேஜ்' மாதிரி இடங்களில். எழிலில் எழுதினாலும் சேதாரத்துக்குச் 'சேதம்' என்று பெயர் வைத்தால் அதே தம்பி அதே இடத்தில் விழுவான்.

கோரிப்பாளையம் தர்காவில் வீரப்ப நாயக்கர் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு, 1573-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முன்பு பாண்டிய மன்னன் ஒருவன் அந்தப் பள்ளிவாசலுக்கு ஊர்களைக் கொடையாக விட்டதைச் சொல்லி, அதை மறுபடி உறுதி செய்கிறது. நாயக்கர் நினைத்திருந்தால் 'இந்த ஊர்கள் இந்தப் பள்ளிவாசலுக்கு' என்று மட்டும் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். நடப்புக்கு அது போதும். யார் கொடுத்தது, எதன் தொடர்ச்சியாக இப்போது இது என்ற பழைய கதை எதற்கு? நாளைக்கு இன்னொருவர் வந்து 'இது ஏன் இப்படி?' என்று கேட்பார், அப்போது வெட்டியவர் உயிரோடு இருக்கமாட்டார் என்று தெரிந்ததால்தான். நல்ல கமெண்ட் என்பது இதுதான். 'இங்கே மூன்றால் பெருக்குகிறோம்' என்று எழுதுவது கூறியது கூறல், கோடே அதைச் சொல்கிறது. 'இந்தத் தேதிக்கு முந்தைய பில்களுக்குப் பழைய வரிவிகிதம், அதனால் இந்தக் கிளை' என்று எழுதினால் அது கல்வெட்டு.

இப்போது கோட் எழுதித்தர இயந்திரம் வந்துவிட்டது. கேட்ட நொடியில் ஒழுங்கான இடைவெளி, சின்னச் சின்ன ஃபங்ஷன், ஒவ்வொரு வரிக்கு மேலும் அந்த வரியையே திருப்பிச் சொல்லும் கமெண்ட் என்று கொட்டுகிறது. விதிப்பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டால் பெரும்பாலும் பாஸ். ஆனால் சேதாரம் ஏன் கூட்டப்பட வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அதற்கும் தெரியாது, பக்கத்தில் அழகான பொய்க் காரணம் ஒன்றை எழுதிவைக்கவும் அது தயங்காது. எழுதுவது மலிவாகும்போது படிப்பதுதான் வேலையாகிறது. இதுவரை பெயர்களையும் நீளத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ரிவ்யூக்கள் இனிமேல் போதாது.

எனக்கென்று இப்போது மிஞ்சியிருப்பவை நாலே விதிகள். தொழிலில் புழங்கும் சொல்லையே பெயராக வை. ஏன் என்பதைப் பக்கத்தில் ஒரு வாக்கியத்தில் எழுது. தனியே நிற்காது என்றால் வெட்டாதே, நீளமாகவே இருக்கட்டும். நாலாவது, குழுவில் யார் கடைசியாகச் சேர்ந்தாரோ அவரிடம் முதலில் படிக்கக் கொடு.

நாலாவது விதிதான் கஷ்டம். எங்கள் ரிவ்யூக்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மேலூர்ப் பக்கமிருந்து தமிழ்வழியில் படித்து வந்த பையன் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டான். 'புரிஞ்சுதா?' என்றால் 'புரிஞ்சுதுண்ணே' என்பான். அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அதனால் இப்போதெல்லாம் கேட்பதில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அவன் படிப்பதைப் பார்க்கிறேன். திரை கீழே போய்க்கொண்டே இருக்கும். எங்கேயோ ஒரு வரியில் நின்று, மேலே போய், மறுபடி கீழே வருவான். மறுபடி மேலே போவான். அந்த வரியை நான் குறித்துக்கொள்கிறேன். எழுதியவர் குழுவின் மூத்தவராக இருந்தாலும் சரி, இயந்திரமாக இருந்தாலும் சரி, அந்த வரி திருத்தத்துக்குப் போகும்.